நெஞ்சு வலியா? வயிற்று வலியா?

(நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது. ஷிஃப்ட் காரணமாகக் கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் கடன் தவணைக் கணக்கிலேயே பொழுது போய்விட்டது. சுகாதாரக் குழுவுக்குக் கடைசியில் பத்து நிமிஷம்தான் கிடைத்தது. அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதனால் இந்த முறை முதலிலேயே கேட்டு வாங்கிப் பேசுகிறோம். நம்மில் ஒருத்தரை இந்த வருஷம் இழந்திருக்கிறோம், இன்னொருத்தரை இழக்கப் பார்த்தோம். இரண்டும் ஒரே குழப்பத்தால் வந்தது. வலி நெஞ்சிலா, வயிற்றிலா என்ற குழப்பம்.

முதலில் பிழைத்தவர் கதை. அந்தச் சகோதரி முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம், ஆனா நடந்ததைச் சொல்லுங்க என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடியே. கம்பெனி பஸ் விடியற்காலை நாலே முக்காலுக்கே வந்துவிடும். அந்நேரத்துக்கு யாருக்குச் சோறு இறங்கும்? ஒரு டீ குடித்துவிட்டு ஏறுவார். முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் "வலி மாத்திரை ஒரு செட்டு கொடுப்பா" என்று வாங்கி, அந்த டீயோடு சேர்த்துப் போட்டுக்கொள்வார். தினமும். நாலு மாதம்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு, நெஞ்சுக்குழிக்குக் கீழே கத்தி வைத்துக் குத்தினமாதிரி வலி வந்திருக்கு. உடம்பெல்லாம் வேர்த்து, வலி தோள்பட்டைக்கு ஏறி, மூச்சு இழுத்தால் இன்னும் அதிகமாகி. வீட்டுக்காரர் பயந்துபோய் மாரடைப்பு என்றே முடிவு பண்ணிவிட்டார். அதில் தப்பு இல்லை, நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஈசிஜி எடுத்தார்கள். "ஹார்ட் நல்லா இருக்கு. கேஸ் டிரபிள்தான்" என்று சொல்லி ஒரு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரும் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. முட்டி வலி மாத்திரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தார்கள். வலியும் கொஞ்சம் தணிந்தது. மாமியார் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார். ஹார்ட் இல்லை என்றதும் அந்த வீட்டுக்கே உயிர் வந்தமாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சேமிப்புப் பணம் வாங்கப் போன ஊக்குநர்தான் பார்த்தார். அந்தச் சகோதரி கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறார். பேசினால் வலி, இருமினால் வலி. வயிறு தொட்டால் பலகை மாதிரி இருக்கு. ஊக்குநர் படித்தது பத்தாவதுதான், ஆனால் இது கேஸ் இல்லை என்று அவருக்குப் பட்டது. 108-க்குப் போன் போட்டார். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றில் கை வைத்த உடனே நிற்க வைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வயிற்றுக்கு வெளியே, மார்புக்குக் கீழே காற்று தேங்கியிருப்பது படத்தில் தெரிந்தது. இரைப்பைக்கு அடுத்த குடலில் புண் வந்து ஓட்டை விழுந்திருக்கு. சாப்பிட்டதும் அமிலமும் வயிற்றுக்குள் கொட்டிக்கொண்டே இருந்திருக்கு. அன்றைக்கே ஆபரேஷன். பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்.

நடுவில் வலி தணிந்ததே, அது எப்படி என்று பலரும் கேட்டீர்கள். ஊசி ஒரு காரணம். அதோடு, ஓட்டை விழுந்த சில மணி நேரத்தில் வலி தானாகவே கொஞ்சம் மட்டுப்படும் நேரம் ஒன்று உண்டு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கொட்டின அமிலத்தைக் கரைக்க உடம்பு நீரைச் சுரக்கிறது, அதனால் எரிச்சல் குறைந்தமாதிரி இருக்கும். உள்ளே விஷம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில்தான் எல்லாரும் ஏமாந்துபோகிறோம்.

இப்போது இழந்தவர் கதை. இது தலைகீழ். நம் பெரியம்மாவை உங்கள் எல்லாருக்கும் தெரியும், நம் கூட்டமைப்பு ஆரம்பித்த நாளிலிருந்து இருந்தவர். சர்க்கரை உண்டு. ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த ராத்திரி, மேல் வயிறு அமுக்குது, வாந்தி வருது, தாடை இழுக்குது என்றார். வாய்வுப் பிடிப்பு என்று ஓம வாட்டர் கொடுத்தார்கள். சோடா கொடுத்தார்கள். தொக்கம் எடுக்கக்கூட ஒருத்தர் வந்தார். விடிகிற வரைக்கும் காத்திருந்து, ஆறு மணி நேரம் கழித்து வண்டி ஏற்றினார்கள். போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு.

ஒருத்தருக்கு வயிற்று நோய் நெஞ்சு வலி வேஷம் போட்டு வந்தது. இன்னொருத்தருக்கு நெஞ்சு நோய் வாய்வு வேஷம் போட்டு வந்தது. நம் உடம்பு ஏன் இப்படி ஏமாற்றுகிறது?

பள்ளிக்கூடத்தில் உதரவிதானம் என்று படித்திருப்போம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசைத் தடுப்பு அது. மாடி வீடும் கீழ் வீடும் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் இதயம், அதன் அடிப்பக்கம் தளத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கு. தளத்துக்கு நேர் கீழே இரைப்பை, கல்லீரல், பித்தப்பை, அதற்குப் பின்னால் கணையம். மாடிக்கும் கீழுக்கும் கரண்ட் போவது ஏறக்குறைய ஒரே மெயின் போர்டிலிருந்து. எந்த வீட்டில் கோளாறு என்று மூளைக்குச் சரியாகத் தெரிவதில்லை. இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தால் மேல் வயிறு வலிக்கும், வாந்தி வரும். தளத்துக்குக் கீழே ரத்தமோ அமிலமோ கொட்டினால் தோள்பட்டை வலிக்கும், ஏனென்றால் அந்தத் தசைக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோளின் நரம்பும் அங்கேதான். தோள்பட்டை வலி என்றாலே ஹார்ட் என்று நாம் நினைக்கிறோம். வயிறாகவும் இருக்கலாம்.

டாக்டர்களுக்கே இது சுலபமில்லை. பித்தப்பை வீங்கினாலும் கணையம் வீங்கினாலும் சில பேருக்கு ஈசிஜி கோடுகளே மாரடைப்பு மாதிரி மாறிக் காட்டும். அதனால் டாக்டரைக் குறை சொல்ல நாங்கள் இங்கே நிற்கவில்லை. அவருக்கு வேண்டிய தகவலை நாம் கொடுக்காமல் போகிறோமே, அதைத்தான் பேசுகிறோம்.

அந்த வலி மாத்திரைக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் கை தூக்கினீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இதெல்லாம் ஒரே குடும்பம். வலியைக் குறைக்கும் அதே வேலையால் இரைப்பையைக் காக்கிற வழவழப்புப் பூச்சையும் குறைத்துவிடும். கடையில் கொடுக்கிற செட்டில் சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். மாதவிலக்குக்கு ஒன்று இரண்டு போட்டால் ஓட்டை விழுந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. தினமும், வாரக்கணக்காக, டாக்டர் பார்க்காமல், வெறும் வயிற்றில் என்பதுதான் பிரச்சினை. பாரசிட்டமால் வயிற்றை இப்படிப் புண்ணாக்காது, ஆனால் அதற்கும் அளவு உண்டு. முட்டி வலி மாதக்கணக்காக இருந்தால் முட்டியைக் காட்டுங்கள். கடைக்காரருக்கு உங்கள் முட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"காரம் தின்னாத்தானே அல்சர் வரும்?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. உலகமே ரொம்ப நாள் அப்படித்தான் நம்பியது, காரமும் கவலையும்தான் காரணம் என்று. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்று இரண்டு டாக்டர்கள், இரைப்பையில் ஒரு கிருமி இருக்கு, புண்ணுக்கு அதுதான் காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார்! வயிறு கெட்டுப்போய்ப் படுத்தார். 2005-இல் இரண்டு பேருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு அல்சருக்கு முக்கியக் காரணம் இரண்டு: அந்தக் கிருமி, அப்புறம் வலி மாத்திரை. கிருமிக்கு இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும். வருஷக்கணக்காக ஜெலுசில் குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒருமுறை டாக்டரிடம் இதைக் கேளுங்கள். மிளகாயைக் குறைப்பது உங்கள் இஷ்டம்.

அடுத்து பித்தப்பைக் கல். இது ஆண்களைவிட நமக்கு அதிகம் வரும். பிள்ளை பெற்றவர்களுக்கு, உடல் எடை கூடினவர்களுக்கு இன்னும் அதிகம். பிரியாணி, வடை, எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழேயோ நெஞ்சுக்குழியிலோ வலி பிடிக்கும். முதுகுக்கும் வலது தோளுக்கும் போகும். அல்சர் ஓட்டை விழுந்தவர் அசையாமல் படுத்திருப்பார் என்றோமே, பித்தக்கல் வலிக்காரர் ஓர் இடத்தில் இருக்க மாட்டார், புரளுவார். வலி சில மணி நேரத்தில் விட்டுவிட்டால் அப்புறம் ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம். விடாமல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், கண் மஞ்சளானால், அன்றைக்கே போக வேண்டும். அந்தக் கல் நழுவி அடைத்தால் கணையமும் வீங்கிவிடும்.

கணைய வீக்கம் நம் வீட்டு ஆண்களுக்குச் சாராயத்தால் வரும், இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மேல் வயிற்றிலிருந்து முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகிற வலி, நிற்காத வாந்தி. முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்பார்கள். குடித்த வயிறு, கேஸ் என்று படுக்கப் போடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இனிச் சொல்லப்போவதைச் சிறு பெண்கள் கவனமாகக் கேளுங்கள். அம்மாக்கள் இன்னும் கவனமாக.

கரு சில நேரம் கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கிவிடும். நூறு கர்ப்பத்தில் ஒன்று இரண்டு அப்படி ஆகிறது. அது வளர்ந்து குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். வெளியே சொட்டுக்கூடத் தெரியாமல் இருக்கலாம். கொட்டின ரத்தம் மேலே போய்த் தளத்தைத் தொட்டால் தோள்பட்டை வலிக்கும். படபடப்பு, வியர்வை, எழுந்தால் மயக்கம். பார்க்கிறவர்கள் லோ பிரஷர், ஹார்ட், சாப்பிடாமல் வந்த மயக்கம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் உயிரே போய்விடும் நோய் இது. நாள் தள்ளிப் போயிருந்தால், ஐந்து வாரம் எட்டு வாரம் ஆகியிருந்தால், அடிவயிறு வலியோடு தோள் வலியோ மயக்கமோ வந்தால், இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களும் "எனக்கு எப்படி?" என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்த ஆபரேஷனுக்குப் பிறகு அபூர்வமாகக் கரு தரித்தால், அது குழாயில் தங்குகிற வாய்ப்பு அதிகம்.

நம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வழி எங்கும் விடுதிகள். வெளி மாவட்டத்துப் பெண்கள், ஒரு ரூமுக்கு எத்தனையோ பேர். நம் உறுப்பினர்கள் சில பேர் அங்கே சமையலும் வார்டன் வேலையும் செய்கிறீர்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், பெண்கள் பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்து விடுதியில் யாருக்கு வயிறு வலித்தாலும் ஒன்று ஃபுட் பாய்சன், இல்லாவிட்டால் பீரியட்ஸ் என்கிறார்கள். ஒரே சாப்பாடு சாப்பிட்ட பத்துப் பேருக்கும் வயிற்றுப்போக்கு என்றால் சரி. ஒரே ஒரு பெண் மட்டும் வெளுத்துப்போய் மயங்கி விழுந்தால் அது வேறு. அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று மெதுவாகக் கேளுங்கள். கல்யாணம் ஆகாத பெண் என்றால் வாய் திறக்க மாட்டாள், ரூம் போய்விடும், வேலை போய்விடும், ஊருக்குச் செய்தி போய்விடும் என்ற பயம். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் அவள் பதில் சொல்வாள். "டாக்டர்கிட்ட மட்டும் சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நியாயம் பேசுவதற்கு அப்புறம் காலம் இருக்கு. இது எங்கள் குழுவில் எல்லாருக்கும் ஒப்பான கருத்து இல்லை, இரண்டு கூட்டம் பேசித்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

சரி, வலி வந்த ராத்திரி என்ன செய்வது?

நெஞ்சிலிருந்து தொப்புள் வரை எங்கே திடீரென்று கடுமையாக வலித்தாலும், வியர்வையோ மூச்சுத் திணறலோ மயக்கமோ கூட இருந்தால், அது நெஞ்சா வயிறா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். மாரடைப்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள். 108 இலவசம். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஓரகத்தி வரட்டும், மச்சினர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாரடைப்பு என்றால் நேரம்தான் எல்லாமே. நம் தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை ஓர் ஆய்வு நடந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்து, மாரடைப்பு வந்த 2,420 பேரைக் கவனித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. சரியான இடத்துக்குப் போனதுதான்.

போகும்வரை வாயில் ஒன்றும் கொடுக்காதீர்கள். சோடா, டீ, கஞ்சி, ஓம வாட்டர் எதுவும் வேண்டாம். வயிற்றில் ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும். எண்ணெய் தடவிக் குடலேற்றம் நீவுவது வேண்டவே வேண்டாம். ஓட்டை விழுந்த வயிற்றை நீவினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். "ஓம வாட்டர் எங்க பாட்டி காலத்துலேருந்து கொடுக்கறோமே" என்று கேட்டவருக்குப் பதில்: சாப்பிட்டு ஏப்பம் வராத வயிற்று உப்புசத்துக்குக் கொடுங்கள், நாங்களும் கொடுக்கிறோம். வேர்த்துக் கொட்டுகிறவருக்குக் கொடுக்காதீர்கள்.

மாத்திரை பற்றி ஒரு முக்கியமான விஷயம். 2023-இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டம் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும்கூட, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு முதல் மருந்தாக மூன்று வகையில் மொத்தம் 14 மாத்திரை உடனே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அதில் ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தும் உண்டு. நல்ல திட்டம். இதைக் கேள்விப்பட்ட ஓர் உறுப்பினர், "அந்த மாத்திரையை வாங்கி வீட்ல வச்சுக்கலாமா?" என்றார். வேண்டாம் சகோதரி. நம் முன் வரிசைச் சகோதரிக்கு அன்றைக்கு வீட்டிலேயே அதைக் கொடுத்திருந்தால், புண்ணில் ரத்தம் நிற்காமல் போயிருக்கும். அதைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பரிசோதித்துப் பார்க்கிறவர்கள். போகிற இடத்தில் "இவங்களுக்கு அல்சர் இருக்கு, வலி மாத்திரை சாப்பிடறாங்க" என்று நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து "ஹார்ட் நல்லா இருக்கு" என்று சொன்னார்கள் என்றால் சந்தோஷப்படுங்கள், ஆனால் செருப்பை மாட்டாதீர்கள். அந்த இடத்தில்தான் நம் சகோதரிக்குத் தவறிப்போனது. முதல் ஈசிஜியில் மாரடைப்பு தெரியாமல் போவதும் உண்டு. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள், ட்ரோபோனின் என்று ரத்தமும் பார்ப்பார்கள். "மறுபடி எடுக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள். அடுத்து, "ஹார்ட் இல்லன்னா வேற எதனால இவ்வளவு வலி? வயித்தைப் பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, பேங்க் மேனேஜரிடம் நாம் கேட்காத கேள்வியா? கர்ப்பமாகும் வயதுள்ள பெண் என்றால் சிறுநீர் சோதனை அட்டையில் பார்க்கச் சொல்லுங்கள், சில நிமிஷ வேலை. வீட்டுக்கு அனுப்பினால், எப்படி ஆனால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வயிறு கல்லாக இறுகினால், வலி விடாமல் இருந்தால், மயக்கம் வந்தால், மறுபடி போங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு என்றாலும் போங்கள். நேற்றுத்தானே பார்த்தார்கள் என்று கூச்சப்படாதீர்கள்.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு துண்டுச் சீட்டு. வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மாத்திரை பேர், சர்க்கரை பிரஷர் உண்டா, முன்பு செய்த ஆபரேஷன், எந்த மாத்திரை ஒத்துக்காது, இதை எழுதி ரேஷன் கார்டு வைக்கிற பையில் வையுங்கள். எழுத வராதவர்கள் மாத்திரை அட்டையையே அப்படியே போட்டு வையுங்கள். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் தன்னார்வலர்கள் நம் சுய உதவிக் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். அவர்களிடம் கேட்டால் எழுதித் தருவார்கள். மெடிக்கல் ஷாப் செட் மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதே பையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஈஎஸ்ஐ அட்டை. கான்ட்ராக்ட் வேலைதானே, நமக்கு ஈஎஸ்ஐ ஏது என்று இருக்காதீர்கள். சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் உங்களுக்கு ஒரு நம்பர் இருக்கும், சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குங்கள். நம் சகோதரிக்கு நாலு மாதமாகப் பிடித்திருக்கிறார்கள், நம்பர் என்ன என்று அவருக்குத் தெரியாது.

கடைசியாக எங்கள் பங்குக் குறையையும் சொல்லிவிடுகிறோம். அன்று ராத்திரி அந்த வீட்டுக்காரர் கையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்தான் இருந்தது. அட்மிட் பண்ணுங்க என்று கேட்கவே அவருக்குத் தயக்கம், முன்பணம் கேட்பார்களோ என்று. குழுவில் சேமிப்பு இருந்தது. ஆனால் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கித்தான் உள்கடன் கொடுக்க முடியும் என்பது நாமே வைத்த விதி. ராத்திரி ஒரு மணிக்குக் கூட்டம் போட முடியுமா? அவர் நம்மிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டோம்.

அதனால் இன்றைக்கு ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு குழுவும் ஐந்தாயிரம் ரூபாயை மருத்துவ அவசரத்துக்கென்று தனியாக வைக்க வேண்டும். ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவரும் போனிலேயே பேசி ஒப்புக்கொண்டால் அந்த நேரத்திலேயே கொடுத்துவிடலாம், அடுத்த கூட்டத்தில் கணக்கு எழுதிக்கொள்ளலாம். முதல் மூன்று மாதத்துக்கு வட்டி கிடையாது. மாமியார், நாத்தனார், விடுதியில் இருக்கும் மகள் யாருக்காக என்றாலும் சரி. பணம் திரும்ப வராமல் போனால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்கிறார், அவர் கேட்பது நியாயம். அதற்கும் சேர்த்துத்தான் கீழே எழுதியிருக்கிறோம், படித்துப் பாருங்கள். ஏ ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கும் உறுப்பினர்களிடம் பிரதிநிதிகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கி வந்துவிடுங்கள்.